ஒரு பாசிமாலையின் வயது



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் தொன்மை அரசுகளைக் கற்பிக்கத் தொடங்கும் முன், வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு வருமாறு மாணவர்களுக்கு இடுபணி கொடுப்பது என் வழக்கம். பெரும்பாலும் பித்தளைக் குத்துவிளக்கும், பால்மரம் சீவிய கத்தியும், சப்பானியர் காலத்து வாழைமர நோட்டும்தான் வகுப்புக்கு வரும். சென்ற முறை ஒரு மாணவி பழைய மைலோ டின்னுக்குள் பஞ்சு பரப்பி, அதன்மேல் ஒரு பாசிமாலையை வைத்துக் கொண்டு வந்தாள். அது அவளுடைய பாட்டியின் தாயார் அணிந்த மாலை.

மறுநாள் மாணவியின் தாயாரே பள்ளிக்கு வந்துவிட்டார். பழம்பொருள் வாங்கும் ஒருவர் அதைப் பார்த்து, "இது இத்தாலி நாட்டு வெனிஸ் கண்ணாடி, இருநூறு ஆண்டுப் பழமை" என்று ஒரு விலை சொன்னாராம். வேறொருவர், "இது பூஜாங் பள்ளத்தாக்கு மணி, ஆயிரம் ஆண்டுப் பழமை" என்று அதனினும் கூடுதலாகக் கேட்டாராம். மூத்த மகனின் கல்லூரிக் கட்டணம் ஒரு பக்கம். மாலையை விற்கவே கூடாது என்னும் பாட்டியின் பிடிவாதம் மறுபக்கம். "டீச்சர், ரெண்டு பேர்ல யாரு சொல்றது உண்மை?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை தெரியவில்லை. விடை தேடிப் படித்தவற்றையும், கைலென்சு வைத்துப் பார்த்து அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். மணிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக நானே வகுப்பில் சொல்லி வந்த ஒரு தவற்றையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் இத்தாலியை எடுத்துக்கொள்வோம். வெனிஸ் நகரில் தீ விபத்துக்கு அஞ்சி, கண்ணாடி உலைகள் அனைத்தையும் அருகிலுள்ள முரானோ தீவுக்கு மாற்றுமாறு அக்குடியரசு 1291 இல் ஆணையிட்டது. அன்று தொடங்கி முரானோ என்னும் பெயரே கண்ணாடிக் கலைக்கு மறுபெயராயிற்று. அத்தீவின் பூச்சாடி ஒன்று நம் கைக்குக் கிடைத்தால் செய்தவரைக் கண்டுபிடிக்க ஓரளவு வழி உண்டு. எடுத்துக்காட்டாக, 1921 இல் தொடங்கப்பட்ட வெனினி நிறுவனம் தன் கலங்களின் அடிப்பகுதியில் அமிலத்தால் முத்திரை பொறித்தது. அம்முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால், செய்த ஆண்டும் ஏறத்தாழ விளங்கிவிடும். மற்றப் பல பட்டறைகள் தாளில் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையே நம்பின. சீட்டு கழுவக் கழுவ உரிந்துவிடும். வேறொரு கலத்தில் ஒட்டி ஏமாற்றவும் முடியும். இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே வெனேத்தோ மாநிலம் 1994 இல் சட்டம் இயற்றி, முரானோவில் செய்த கண்ணாடிக்கு ஒரு பொது முத்திரையை ஏற்படுத்தியது.

பூச்சாடிக்கு அடிப்பகுதியாவது இருக்கிறது. மிளகைவிடச் சிறிய ஒரு மணியில் எங்கே பெயர் பொறிப்பது? எந்த மணிக்காரரும் பொறிக்கவில்லை. ஆகவே பெயரைத் தேடாமல், அவருடைய கை எவ்வாறு வேலை செய்தது என்பதைத்தான் மணியில் தேட வேண்டும்.

நகைக்கடைக்காரர்கள் கண்ணருகே வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு கைலென்சு ஒன்றும் நல்ல வெயிலும் இருந்தால் போதும். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளையும் நிறக்கோடுகளையும் பாருங்கள். அவை மணியின் துளைக்கு இணையாக நீண்டிருந்தால், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, குளிர்ந்த பின் துண்டு துண்டாக நறுக்கிய மணி அது. துளையைச் சுற்றி வளைந்து சென்றால், இளகிய கண்ணாடியைக் கம்பியில் நூல்போல் சுற்றிச் செய்த மணி. நடுவில் மெல்லிய பொருத்துக்கோடு தெரிந்தால் அச்சில் அழுத்திய மணி. இந்த மூன்று வேறுபாடுகளையும் பத்து வயது மாணவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதை வகுப்பில் கண்டேன். சொல்லப்போனால் நாற்பதைக் கடந்த என் கண்களைவிட அவர்கள் கண்கள் இவ்வேலைக்கு ஏற்றவை.

அம்மாலையில் மூன்று வகை மணிகள் இருந்தன. பெரும்பாலானவை பளிச்சென்ற சிவப்பு மணிகள். இடையிடையே பூக்கொடி வரைந்தாற்போன்ற மூன்று பெரிய மணிகள். கொக்கிக்கு அருகில், மங்கிய செங்கல் நிறத்தில், மற்றவற்றைவிட மிகச் சிறியனவாக ஏழு மணிகள்.

சிவப்பு மணியின் துளைக்குள் லென்சு வைத்துப் பார்த்ததும் பாதிப் புதிர் அவிழ்ந்தது. வெளியே சிவப்பு, உள்ளே துளையைச் சுற்றி வெள்ளை. ஒளி ஊடுருவும் சிவப்புக் கண்ணாடி விலை மிக்கது. தனியாக நின்றால் இருண்டும் தெரியும். வெள்ளைக் கண்ணாடியின்மேல் சிவப்பை மெல்லிய போர்வையாக மூடினால் செலவும் குறையும், நிறமும் எடுப்பாக இருக்கும். இது 19 ஆம் நூற்றாண்டில் வெனிஸ் பட்டறைகளில் பெருகிய முறை. பிற ஐரோப்பியப் பட்டறைகளும் பின்பற்றின. எனவே வெள்ளை உள்வட்டம் கொண்ட சிவப்பு மணியை எவராவது ஆயிரம் ஆண்டு மணி என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. பூக்கொடி மணிகளும் இத்தாலிய வழியினவே. விளக்குச் சுடரில் கண்ணாடிக்கோலை இளக்கிக் கம்பியில் சுற்றி, வேறு நிற இழைகளால் மேலே பூ வரைந்தவை. இத்தகைய மணிகளின் காலத்தை அறிய ஆய்வாளர்களுக்கு உதவுவன பழைய வணிகர்களின் மாதிரி அட்டைகள். இலண்டன் வணிகர் லெவின் என்பாரின் 19 ஆம் நூற்றாண்டு அட்டைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சேலைக்கடையில் துணித்துண்டுகளை அட்டையில் ஒட்டிக் காட்டுவதுபோல், மணிகளை வரிசையாகத் தைத்து விற்பனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் உள்ள மணியும் நம் கையில் உள்ள மணியும் ஒத்துப்போனால் காலம் ஏறத்தாழப் பிடிபடும்.

இத்தாலி மணி பினாங்குக்கு எப்படி வந்தது என்று வியக்க வேண்டா. நம் தீவின் பெரானாக்கான் மங்கையர் அணிந்த மணித்தையல் காலணிகளை ஜார்ஜ்டவுன் அருங்காட்சியகங்களில் பார்த்திருப்பீர்கள். கடுகளவே உள்ள அம்மணிகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. சிங்கப்பூர் பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் பினாங்கில் தைக்கப்பட்ட ஒரு மேசைவிரிப்பு உள்ளது; அதில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள். அத்தனை மணி விற்ற துறைமுகத்தில், தோட்டத்துப் பெண்மணி ஒருவர் ஒரு சரம் சிவப்பு மணி வாங்கியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவை கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை. "வெனிஸ்" என்னும் பெயருக்காக ஒரு பெருந்தொகை கிடைக்கும் என்று அந்தத் தாயார் எதிர்பார்த்திருந்தால், அந்த எதிர்பார்ப்பு வீண் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மனம் வருந்தித்தான் சொன்னேன்.

இனி அந்த ஏழு மணிகள்.

அவற்றில் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருந்தன; ஆக, இழுத்துச் செய்தவை. வெளியிலும் உள்ளேயும் ஒரே செங்கல் நிறம்; ஒளி ஊடுருவவில்லை. செம்பினால் உண்டாகும் நிறம் அது. ஏழில் எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இத்தகைய மணிகளுக்கு "இந்தோ-பசிபிக் மணிகள்" என்று பெயரிட்டார். அவருக்கு முன் வான் டெர் ஸ்லீன் என்பவர் "வணிகக்காற்று மணிகள்" என்றார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கி இந்தோனேசியத் தீவுகள் வரை, அதற்கு அப்பாலும், இவை நிலத்தில் கிடைக்கின்றன. தீமோர்த் தீவில் இச்செம்மணிகளுக்கு "மூத்தி சாலா" என்று பெயர். திருமணச் சீராகத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படுபவை.

இவற்றைச் செய்யும் முறையை முதன்முதலாகப் படித்தபோது நான் மலைத்துப் போனேன். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே பாப்பநாயுடுபேட்டை என்றோர் ஊர் உண்டு. அங்கே 20 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் இம்முறை உயிரோடு இருந்ததைப் பிரான்சிஸ் நேரில் கண்டு எழுதினார். நீண்ட இரும்புக் குழாய் ஒன்றின் முனையில் உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டுகிறார்கள். அக்குழாய்க்கு "லாடா" என்று பெயர். குழாய்க்குள் செலுத்திய கம்பி கூம்பின் நடுவே துளை உண்டாக்குகிறது. கூம்பை மீண்டும் உலைக்குள் வைத்ததும், எதிர்ப்புற வாயிலில் அமர்ந்த ஒருவர் கொக்கியால் அதன் நுனியைப் பற்றி வெளியே இழுக்கிறார். ஒருமுறை பற்றியபின் நிறுத்துவதில்லை. கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறார். துளையும் கூடவே நீள்கிறது. வேகமாக இழுத்தால் குழல் மெலியும், தாமதித்தால் பருக்கும். அளவுகோல் என்பது அவர் கைதான். பின்னர்க் குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதிருக்கச் சாம்பலோடு கலந்து சூடாக்கிக் கிளறுவார்கள். கூர்முனைகள் மழுங்கி மணியாகின்றன. அந்த ஏழு மணிகளின் ஒழுங்கற்ற அளவுக்குக் காரணம் இதுவே. முரானோவிலும் குழல் இழுத்தார்கள். ஆனால் அங்கே இருவர் ஒரு கண்ணாடித் திரளின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு எதிரெதிரே விரைந்து சென்று இழுப்பார்கள். மணி ஒன்றுபோல் தோன்றினாலும், கை வேறு.

இம்மணித்தொழிலின் பழைய களங்களுள் பெயர் பெற்றது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். மண்ணில் மணிகள் ஏராளம். எந்த மணியும் தன் வயதைச் சொல்லவில்லை. வயதைச் சொன்னவை இத்தாலியிலிருந்து வந்த செந்நிறத் தட்டுகளின் உடைசல்கள். அரெட்டைன் என்று பெயர் பெற்ற அம்மட்கலங்களைச் செய்த குயவர்கள் தங்கள் பெயரை முத்திரையாகப் பதித்திருந்தனர். விபி, கமூரி, இட்டா என்னும் பெயர்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன. அவர்கள் இன்ன காலத்தவர் என்பது இத்தாலியில் தெரிந்திருந்ததால், அத்தட்டுகள் கிடந்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று வீலர் முடிவு கட்டினார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, அவ்வூரின் தொடக்கம் அதற்கும் முந்தியது என்று காட்டியது. முத்திரையிட்ட இத்தாலியக் குயவர் ஒருவர்தான், முத்திரையிடாத நம் மணிக்காரருக்குக் காலச் சான்று அளித்திருக்கிறார்! அம்மணிக்காரரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மணிக்கொல்லை என்னும் ஊர்ப்பெயர் மட்டும் அத்தொழிலை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

இவ்விடத்தில்தான் என் தவறு. "கெடாவில் கிடைத்த மணிகள் எல்லாம் தமிழகத்தில் செய்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவை" என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். மாணவர்கள் முகத்தில் பெருமிதம் தோன்றும். எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அது முழு உண்மையன்று.

பாகான் டாலாமிலிருந்து வடக்கே காரில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் மூடா ஆற்றைக் கடந்து கெடா மாநிலத்தில் நுழைந்துவிடலாம். அங்கே கோத்தா குவாலா மூடாவில் சுங்கை மாஸ் என்னும் இடத்தில், முழுமையடைந்த மணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும் குறை மணிகளும் வேலைக்கழிவும் கிடைத்தன. விற்பதற்காக வந்த இடத்தில் குப்பை இருக்காது. செய்த இடத்தில்தான் குப்பை இருக்கும். ஏறத்தாழ 6 ஆம் நூற்றாண்டு முதல் 13 ஆம் நூற்றாண்டு வரை துறைமுகமாக இருந்த சுங்கை மாஸிலேயே மணி செய்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்குகிறது. பேராக்கில் உள்ள குவாலா செலின்சிங்கிலும் மணித்தொழில் நடந்தது. அங்கே ஐ. எச். என். இவான்ஸ் அகழ்ந்தபோது விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த முத்திரைக்கல் கிடைத்தது. முத்திரை உடையவரின் பெயர் தெரிகிறது. மணி செய்தவர்களின் பெயர் அங்கும் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து மணிக்காரர்களே கடல் கடந்து வந்து குடியேறித் தொழில் செய்தனர் என்பது பிரான்சிஸின் கருத்து. உள்ளூர் மக்கள் கற்றுச் செய்திருக்கவும் கூடும். மணியைப் பார்த்து, செய்தவர் பேசிய மொழியைச் சொல்லிவிட முடியாது.

கண்ணாடியின் வேதியியல் இன்னொரு நுட்பத்தைக் கற்றுத் தருகிறது. மணலையும் உவர்ப்பொருளையும் உருக்கிக் கண்ணாடி ஆக்குவது ஒரு தொழில்; ஆன கண்ணாடியை மணியாக்குவது மற்றொரு தொழில். உரோமானியர் எகிப்தின் வறண்ட ஏரிகளில் கிடைத்த நேட்ரான் உப்பைப் பயன்படுத்தினர். வெனிஸ் நகரத்தார் கீழை நடுநிலக்கடல் கரைகளிலிருந்து தாவரச் சாம்பலை வரவழைத்து, ஆற்றுக் கூழாங்கற்களின் தூளோடு உருக்கினர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உவர்மண்ணும் பாறை சிதைந்த மணலும் சேர்ந்தன. அதனால் நம் பக்கத்துக் கண்ணாடியில் அலுமினா மிகுதி. இலங்கையின் கிரிபாவ என்னும் இடத்தில் கண்ணாடி உருக்கிய உலைகளின் எச்சமே கிடைத்துள்ளது. இக்காலத்தில் முடியைவிட நுண்ணிய குழியை லேசர் ஒளியால் உண்டாக்கி, மணிக்கு ஊறு நேராமல் அதிலுள்ள தனிமங்களை அளக்கிறார்கள். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் லோர் டுசுபியு இம்முறையில் ஆயிரக்கணக்கான ஆசிய மணிகளை ஆராய்ந்துள்ளார். யுரேனியம் சற்று மிகுந்திருந்தால் மேற்கிந்தியக் கண்ணாடி, குறைந்திருந்தால் தென்னிந்தியா அல்லது இலங்கை என்னும் அளவுக்குப் பிரித்தறிய முடிகிறது. எனவே இலங்கை மணலில் பிறந்த கண்ணாடி, கெடாவில் மணியாகி, போர்னியோவில் ஒரு பெண்ணின் கழுத்தை அடைந்திருக்கலாம். "செய்தவர் யார்" என்ற கேள்விக்கு ஒருவர் பெயர் போதாது. பூஜாங் பள்ளத்தாக்கின் பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த மேற்காசியக் கண்ணாடிக் கலங்களின் உடைசல்களும்கூட, மறுபடி உருக்கி மணி செய்வதற்காகவே வந்திருக்கலாம் என்று கருதியவர்கள் உண்டு. நாம் பழைய புட்டிகளைக் காராங்குனிக்காரரிடம் போடுவதுபோலத்தான்.

அந்த ஏழு மணிகளின் வயது என்ன என்பதற்கு இன்னும் விடை வரவில்லை. லென்சு இங்கே கைவிரித்துவிடுகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரே முறையில் செய்யப்பட்ட பொருள் அது. அரிக்கமேட்டு மணியையும் பாப்பநாயுடுபேட்டை மணியையும் உள்ளங்கையில் கலந்து வைத்தால், கண்ணால் மட்டும் பிரிப்பது அரிது. மணியின் வயதை அது கிடந்த மண்தான் சொல்லும்: எந்த அடுக்கில், எந்த ஓட்டுச்சில்லுக்கு அருகில், எந்தக் கரித்துண்டோடு கிடந்தது என்பதுதான் சான்று. பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் 2009 தொடங்கி நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவை கிடந்த அடுக்குகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டதால், அவற்றின் காலத்தை ஆராய வழி இருக்கிறது. வயலில் பொறுக்கிச் சரமாகக் கோத்துச் சந்தையில் விற்ற மணிக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஆதலால் மாணவியின் பாட்டியிடம் கேட்க வேண்டும் என்று தாயாரிடம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பாட்டி என்னை நாற்காலியில் அமர்த்திவிட்டு, "வா தாயி, இந்த மாலையைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேட்டதே இல்ல" என்றார். விலை கேட்டவர்கள் இருவரும் மாலையைத்தான் பார்த்திருக்கிறார்கள், பாட்டியிடம் பேசவில்லை. அவருடைய தாயார் மூடா ஆற்றுக்கு வடகரையில், கோத்தா குவாலா மூடா பக்கம், மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோது, வெள்ளம் வடிந்த மண்ணில் அந்த ஏழு மணிகளையும் கண்டெடுத்தாராம். சிவப்பு மணிகளும் பூமணிகளும் பிறகு பினாங்குக் கடைத்தெருவில் வாங்கியவை. இரண்டையும் ஒரே நூலில் கோத்தவர் அவரே.

பழம்பொருள் வாங்க வந்த இருவரும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள் போலும். சிவப்பு மணிகளும் பூமணிகளும் இத்தாலிய வழியின. 19 ஆம் நூற்றாண்டோ 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ இருக்கலாம். ஏழு மணிகள் சுங்கை மாஸ் மண்ணிலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. நம் நாட்டின் 2005 ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, தொல்பொருள் என்று கருதத்தக்க ஒன்றைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ அறிவிக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பெற்றோர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. அத்தகைய மணிகள் வீட்டில் இருந்தால் நூலை அறுக்காதீர்கள். சவர்க்காரமோ புளியோ இட்டுத் தேய்க்காதீர்கள். யார், எங்கே, எப்போது எடுத்தார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

மாணவி ஓர் அட்டையில் அவ்வாறே எழுதினாள். சிவப்பு, பூ, செங்கல் என மூன்று பத்தி. செங்கல் மணிகளின் பத்தியில் "வயது" என்னும் இடத்தை வெறுமையாக விட்டு, அதன் கீழே பாட்டி சொன்ன ஆற்றங்கரை, புல்வெளி, வெள்ளம் ஆகிய மூன்றையும் குறித்திருந்தாள். மாலை இப்போதும் மைலோ டின்னில்தான் இருக்கிறது. தாயாரும் விற்கும் பேச்சை நிறுத்தியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் சில குடும்பங்கள் சேர்ந்து செல்லவிருக்கிறோம். பாட்டியும் வருகிறார், அந்த அட்டையை அங்குள்ள அலுவலர்களிடம் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். வேனில் இன்னும் நான்கு இடங்கள் உள்ளன. வர விரும்பும் பெற்றோர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.